மாலத்தீவில் குடும்பத்துக்கேற்ற ரிசார்ட்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அதைவிடச் சற்றுக் கூடவே வரும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தத் திசை ரொம்ப காலமாகவே பழக்கம். இப்போது மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகின்றன.

"கடலைப் பாக்கவா இவ்வளவு காசு? நம்ம வீட்டுக்குப் பொறத்தாலதானே கெடக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் கடல் பார்க்கிற கடல், மீன் பிடிக்கிற கடல். பிள்ளைகளை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கரையில் உட்காருகிற கடல் அல்ல. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாலத்தீவில் பவளப்பாறை வளையத்துக்கு உள்ளே கிடக்கும் ஆழமில்லாத தண்ணீரில் ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பளவில் நின்று விளையாடலாம். எல்லாத் தீவிலும் அப்படி இல்லை, அதனால்தான் தேர்வு முக்கியம். இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் வீட்டின் சின்னப் பிள்ளைக்கும் மூத்தவருக்கும் எது ஒத்துவரும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

1. முதலில் வயதுப் பட்டியல்

ரிசார்ட்டின் பெயரைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் போகிறவர்களின் வயதை எழுதுங்கள். பயண நாளில் என்ன வயது இருக்கும் என்பதே கணக்கு. பெரும்பாலான ரிசார்ட்டுகளில் 2 வயதுக்குக் கீழே கைக்குழந்தை, 2 முதல் 11 வரை பிள்ளை, 12 ஆனால் பெரியவர். நம் பன்னிரண்டு வயதுப் பையன் அங்கே மூன்றாவது பெரியவராக நின்று அறை வாடகையையும் படகுக் கட்டணத்தையும் ஏற்றிவிடுவான். பிறந்தநாள் பக்கத்தில் வந்தால் அதற்கு முன்பே போய்வருவது லாபம்.

பிள்ளைகளுக்கான கிட்ஸ் கிளப் பொதுவாக 4 முதல் 12 வயது வரைக்கும்தான். அதற்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூடவே இருக்க வேண்டும், அல்லது மணிக்கணக்கில் பணம் கொடுத்து ஆயா வைக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை மட்டும் இருக்கிற வீட்டுக்கு கிட்ஸ் கிளப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று நடத்துகிற ரிசார்ட்டுகளும் நிறைய உண்டு. அவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

2. எந்த விடுமுறை?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே வறண்ட, அமைதியான காலம். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. நமக்கு இடவப்பாதி எப்படியோ, அவர்களுக்கும் அப்படித்தான். நாள் முழுக்க அடித்துப் பெய்யும் என்றில்லை. காற்றும் அலையும் கூடும், வெயில் வரும் போகும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வேண்டாம் என்பது என் கருத்து. வருடத்திலேயே உச்ச விலை அப்போதுதான். அதோடு டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ரிசார்ட்டுகள் 'காலா டின்னர்' என்று ஒரு விருந்தைக் கட்டாயமாக்கி தலைக்கு இவ்வளவு என்று வாங்கும். ஏப்ரல் கடைசி வாரம் நம் பள்ளிகளுக்கு வசதி. இன்னும் நல்லது பொங்கல். புத்தாண்டு நெரிசல் வடிந்திருக்கும், கடலும் அமைதி. இரண்டு நாள் லீவு கூடப் போட முடிந்தால் பொங்கலையே எடுங்கள். காலாண்டு விடுமுறையில் விலை இறங்கும், ஆனால் மழைக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

திருவனந்தபுரம் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதை வழியாகத்தான் போகும். பங்குனி, ஐப்பசி இரண்டு திருவிழாவின் ஆராட்டு நாளிலும் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். அன்றைக்கு டிக்கெட் போட்டால் நேரம் மாறலாம்.

3. மாலேயில் இறங்கிய பிறகு என்ன பயணம்?

பலரும் கடைசியில் பார்க்கிற விஷயம் இது. நான் முதலில் பார்க்கச் சொல்வேன். மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் பொது வழக்கம். விமானம் இறங்குகிற வெலானா விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் தீவுக்கு மூன்று வழிகள்: ஸ்பீட் போட், சீப்ளேன், அல்லது உள்நாட்டு விமானமும் படகும்.

சீப்ளேன் தண்ணீரிலிருந்தே எழும்பி தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானம். பதினைந்து பேர் வரை ஏறலாம். மேலிருந்து பார்க்கிற காட்சிக்கு ஈடில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் பகலில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் மதியம் 3 மணிக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்குத் தீவுக்குப் போவது சந்தேகம். விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள்தான் போக வேண்டும். அந்த அறைக் காசு தனி. நேரத்துக்கு இறங்கினாலும் தனி முனையத்துக்கு பஸ்ஸில் போய், பெட்டியை எடை போட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பெட்டி தலைக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. உள்ளே கழிப்பறை கிடையாது, ஏசி கிடையாது, இரைச்சல் காதைப் பிளக்கும். வழியில் வேறு ரிசார்ட்டுகளில் இறக்கி ஏற்றியும் போகும். கைக்குழந்தையோடு போகிற தாய்க்கும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பாட்டாவுக்கும் இது சுகமான தொடக்கமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்பீட் போட் தீவுகள் மாலேயைச் சுற்றிய வடக்கு, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் இருக்கின்றன. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராத்திரியிலும் ஓடும். 1972இல் திறந்த நாட்டின் முதல் ரிசார்ட்டான குரும்பா பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. ஹார்ட் ராக் ஹோட்டல் இருக்கும் கிராஸ்ரோட்ஸ் கால் மணி நேரம். தெற்கு மாலேயின் ஒலுவேலி சற்றுத் தள்ளி. மிதக்கும் தண்ணீர்ப் பூங்கா வைத்திருக்கிற சியாம் வேர்ல்டு நூனு பவளத்தீவுக் கூட்டத்தில், சீப்ளேன் தூரம். அதைக் கேட்டால் பிள்ளைகள் அங்கேதான் போக வேண்டும் என்று அடம் பிடிக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் என்றால் அதிலும் தப்பில்லை.

மருத்துவமும் இதில் அடங்கும். பெரிய மருத்துவமனைகளான இந்திரா காந்தி நினைவு மருத்துவமனையும் ஏடிகேயும் மாலேயில்தான். நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் சீப்ளேன் பறக்காது. வீட்டில் இதய நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் ஸ்பீட் போட் தூரத்துக்கு அப்பால் பார்க்கவே வேண்டாம்.

மூட்டுவலிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: படகிலிருந்து துறைக்கு ஏறுகிற அந்த ஒரு எட்டு. ஆடுகிற படகில் ஊழியர்கள் இருபுறமும் பிடித்துக்கொள்வார்கள், இருந்தாலும் முட்டி மடங்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆள் போட்டு ஏற்றுவார்கள்.

4. அறைக்கு முன்னால் இருக்கிற தண்ணீரைப் பாருங்கள்

கூகுள் மேப்பைத் திறந்து தீவின் பெயரைப் போட்டு, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். மணலை ஒட்டி வெளிறிய பச்சை நீலம் அகலமாகப் பரந்திருந்தால் அது ஆழமில்லாத மணல்தரை, பிள்ளைகளுக்கான இடம். அதில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பவளப்பாறையோ கடல்புல்லோ இருக்கும். காலில் குத்தும், ஆனால் மீன் பார்க்க நல்லது. வெளிர்நீலம் சட்டென்று முடிந்து கருநீலம் தொடங்குகிற கோடுதான் பாறையின் விளிம்பு. அதற்கு அப்பால் கடல் செங்குத்தாக இறங்கும். அந்தக் கோடு கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டரில் வந்தால் முகமூடி போட்டு மீன் பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. நூறு இருநூறு மீட்டர் தள்ளியிருந்தால் நிம்மதி.

கரையை ஒட்டி நேராகச் சாம்பல் கோடுகள் தெரிகிறதா? நம் ஊர்த் தூண்டில் வளைவு மாதிரியான கல் தடுப்புதான் அது. மணல் அரிப்பு இருக்கிற பக்கம். தடுப்புக்கு உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக இருக்காது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது நல்லதே.

அடுத்தது திசை. மே முதல் அக்டோபர் வரை காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேற்குக் கரையில் அலை, கிழக்கில் அமைதி. ஜனவரி பக்கம் இது திரும்பும். 'சன்செட் வில்லா' என்று மேற்குப் பக்க அறைகளுக்குக் கூடுதல் டாலர் வாங்குகிறார்களே, மே மாதத்தில் போகிறவர் காற்றும் அலையும் அடிக்கிற பக்கத்துக்கு அதிக விலை கொடுக்கிறார். உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில் நின்று காசில்லாமல் பார்த்து வளர்ந்த குமரிக்காரர்கள் இந்தச் செலவைத் தாராளமாக விட்டுவிடலாம்.

நம் கரையில் கள்ளக்கடல் என்கிறோமே, காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறிவருகிற கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலின் தொலைவில் புயல் கிளப்பிவிடுகிற அலை அது. அதே வகை அலை மாலத்தீவின் வெளிப்பக்கக் கரைகளிலும் ஏறும். அதனால் பவளத்தீவு வளையத்தின் உள்பக்கம் பார்த்த கரை, வெளிப்பெருங்கடலைப் பார்த்த கரை என்ற வித்தியாசத்தையும் வரைபடத்தில் பாருங்கள். பல ரிசார்ட் கரைகளில் உயிர்காப்பாளர் நிற்பதில்லை. எவ்வளவு அமைதியான தண்ணீரானாலும் பெரியவர் ஒருவர் கூட இறங்கித்தான் ஆக வேண்டும்.

5. வாட்டர் வில்லாவா, பீச் வில்லாவா?

பிள்ளைகள் எட்டு வயதுக்குக் கீழே என்றால் பீச் வில்லா. யோசிக்கவே வேண்டாம். தண்ணீர்மேல் கட்டிய வில்லாவில் கதவைத் திறந்தால் மரத்தளம், தளத்திலிருந்து படிக்கட்டு, அதன் கீழே நேராகக் கடல். பல இடங்களில் கைப்பிடிச் சுவரும் இருக்காது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து நடக்கிற குழந்தையை நினைத்துக்கொண்டு அம்மா எப்படித் தூங்குவாள்? சில ரிசார்ட்டுகளே இத்தனை வயதுக்குக் கீழ் அனுமதியில்லை என்கின்றன. அனுமதித்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆசை விடவில்லை என்றால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு போகலாம், வில்லா எங்கும் ஓடிவிடாது.

தாத்தா பாட்டியும் சேர்ந்தால் ஆறு பேர். சாதாரண வில்லாவில் இரண்டு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும்தான் தங்கலாம். இரண்டு படுக்கையறை வில்லா ஒன்றா, நடுக்கதவு உள்ள இரண்டு அறைகளா என்று இரண்டுக்கும் விலை கேளுங்கள். நடுக்கதவு அறைகளே பெரும்பாலும் மலிவு. துறையிலிருந்தும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் பக்கத்தில் வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள். பெரிய தீவுகளில் பேட்டரி வண்டி உண்டு, கூப்பிட்டதும் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

6. சாப்பாடு

தீவில் கடைத்தெரு கிடையாது. ரிசார்ட் போடுகிறதைத்தான் சாப்பிட வேண்டும், அவர்கள் சொல்வதே விலை. காலை உணவு மட்டும் சேர்த்து மலிவாகத் தெரிகிற அறையை எடுத்தால் மதியமும் ராத்திரியும் ஒவ்வொரு தட்டுக்கும் டாலரில் கணக்கு ஓடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டுதான் சரி. 'ஆல் இன்க்ளூசிவ்' என்பதில் கூடுகிற விலையில் பெரும்பங்கு மதுவுக்குப் போகிறது. குடிக்காத குடும்பம் அதை எடுத்தால் பக்கத்து வில்லாக்காரருக்கு நாம் காசு கட்டுவதுபோல. ஃபுல் போர்டில் குடிதண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக பில் போடுகிற இடங்களும் இருக்கின்றன.

மீன் தின்கிற வீட்டுக்குக் கவலையே இல்லை. சூரை மீனும் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு காலையில் வைப்பார்கள். 'மாஸ் ஹுனி' என்று பெயர். தேங்காயும் சூரையும் சேர்ந்தால் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சைவக்காரர்கள் மட்டும் இந்தியச் சமையல்காரர் இருக்கிறாரா என்று எழுதிக் கேளுங்கள். பெரிய ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் இருப்பார்கள். அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் இருக்கும், அடுப்பு இருக்காது. குழந்தையின் கஞ்சி மாவு, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் கட்டி ஒட்டிய பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள்.

7. உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

விலைக்குப் பக்கத்தில் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மேல் சுற்றுலா வரி 17 சதவீதம். 2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம். பிறகு பசுமை வரி, ரிசார்ட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். 2 வயதுக்குக் கீழ் இல்லை.

இப்போது ஒரு உதாரணம். அப்பா, அம்மா, 8 வயது, 5 வயது, நான்கு ராத்திரி. அ என்ற ரிசார்ட்டில் அறை 300++ டாலர், ஸ்பீட் போட் பெரியவருக்கு 150, பிள்ளைக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். அறை வரியோடு 386 ஆகும். நான்கு ராத்திரிக்கு 1,544. பசுமை வரி 192. படகு 450. மொத்தம் 2,186 டாலர். ஆ என்ற ரிசார்ட்டில் அறை 250++தான், மலிவு. ஆனால் சீப்ளேன் பெரியவருக்கு 500, பிள்ளைக்கு 250. அறை 1,287, பசுமை வரி 192, சீப்ளேன் 1,500. மொத்தம் 2,979. மலிவு அறை 793 டாலர் கூடுதல். தேடுகிற தளங்கள் அறை விலையை வைத்துத்தான் வரிசைப்படுத்தும், அதனால் இந்தக் கூட்டலை நீங்கள்தான் போட வேண்டும். சாப்பாடு இதில் சேரவில்லை.

டிராவல்ஸ் மூலம் வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பச் சரிசெய்துகொள்ளலாம்; யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுங்கள்.

8. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

டிராவல்ஸ்காரர் வாயால் சொல்வது போதாது. ரிசார்ட்டின் முன்பதிவுப் பிரிவுக்கே எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

- எங்கள் நால்வருக்கும் வரி, பசுமை வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
- எங்கள் விமானம் இத்தனை மணிக்கு இறங்கும். அன்றே தீவுக்கு வந்துவிட முடியுமா?
- தரப்போகிற அறை தீவின் எந்தப் பக்கம்? அதன் முன்னால் ஆழம் எவ்வளவு, பிள்ளைகள் நிற்கலாமா?
- எங்கள் தேதியில் தீவில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா?
- எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் முழுப்பணம் திரும்பும்?

பதில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதிலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். அறையின் பக்கத்தைப் பற்றிய கேள்விக்கு மழுப்பலாக 'எல்லா அறைகளும் அழகு' என்று எழுதினால் நான் அடுத்த ரிசார்ட்டுக்குப் போய்விடுவேன்.

9. காகிதமும் பெட்டியும்

முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, இறங்கும்போது இலவசமாகப் போட்டுத் தருவார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற மாலத்தீவு அரசு இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது போலி. பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும் என்பது பலருக்கும் டிக்கெட் போட்ட பிறகுதான் நினைவுக்கு வரும். இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள், ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி மூன்றுக்கும் அங்கே தடை. பயணத்தில் சின்னப் பிள்ளையார் சிலையோ மாதா சுரூபமோ கூட வைத்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த முறை வீட்டிலேயே இருக்கட்டும். முட்டத்திலும் சொத்தவிளையிலும் சிப்பி பொறுக்கிப் பழகிய பிள்ளைகளிடம், அங்கே பவளத்துண்டு எதையும் பையில் போடக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். கொண்டுவருவது குற்றம்.

10. ரிசார்ட் கட்டுப்படியாகாது என்றால்

மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. செலவு வெகுவாகக் குறையும், சின்ன இல்லங்களில் பசுமை வரியும் பாதி. அவை முஸ்லிம் கிராமங்கள். ஊருக்குள் உடை அடக்கமாக இருக்க வேண்டும், நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை அரசுப் படகு பெரும்பாலும் ஓடாது.

பாஸ்போர்ட்டே இல்லாத பெரியவர்களோடு பெரிய கூட்டமாகப் போவதென்றால் அந்தமான். சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம், ரூபாயில் செலவு, சோறு கிடைக்கும், தமிழ் பேச ஆளும் கிடைக்கும். லட்சத்தீவு பெரும்பாலும் கொச்சி வழியாகத்தான். முன்அனுமதி வேண்டும், அறைகளும் குறைவு.

11. திரும்பும் நாள்

மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் தங்கள் தீவுக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். சீப்ளேன் நேரத்தை முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள், அதனால் காலை விமானத்துக்கு டிக்கெட் போடாமல் மதியத்துக்கு மேல் போடுங்கள். திருவனந்தபுரத்தில் சர்வதேச முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். கூட்டிக்கொண்டு போக ஊரிலிருந்து வருகிற டிரைவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலில் மாட்டினால் களியக்காவிளை தாண்டவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டை விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததுமே முடித்துவிடுவது உத்தமம்.